சிங்கப்பூரில் சரளைப்பாதைச் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைச் சவாரி முடிந்து, காப்பிக்கடையில் பரோட்டாவுக்குக் காத்திருக்கும்போது, புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொரு வாரமும் சொன்னதையே சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதில் இருப்பது பத்து ஆண்டுகளாக இந்தத் தீவின் மண்பாதைகளில் ஓட்டிய ஒருவனின் அனுபவம். வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு என் கருத்துகள் சில எரிச்சலூட்டலாம்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஏறி இறங்கும் நாட்டுப்புறம் என்றெல்லாம் வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிறோமே, இங்கே அப்படி எங்காவது உண்டா?

பெயரளவில் ஒன்று உண்டு: ரிவர் வேலி ரோடு. தைப்பூசக் காவடிகள் வந்து இறங்கும் தண்டாயுதபாணி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அங்கே சரளைக்கல் வேண்டுமென்றால் ஏதாவது கூட்டுரிமை வீட்டின் பூந்தொட்டியில் தேடவேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவின் மிக நீளமான ஆறான காலாங் ஆறே சுமார் 10 கி.மீ.தான். மிக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமா 164 மீட்டரைத் தொடவில்லை. நாள் முழுவதும் மண்ணிலேயே உருண்டு போகும் பாதை இங்கே கிடையாது. கிடைப்பதெல்லாம் மிச்சங்கள்: ரயில் போன பிறகு மிஞ்சிய தடம், கல் உடைத்து முடித்த பிறகு மிஞ்சிய பள்ளம், பண்ணைகளுக்கு நடுவே மிஞ்சிய சாலை. இந்த மிச்சங்களைக் கோத்துப் பார்க்கும்போதுதான் சுவை தெரிகிறது. நீளமான பள்ளத்தாக்கு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மலேசியாவின் ஜொகூர் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

கிராவல் பைக், அதாவது சரளைப்பாதைச் சைக்கிள் என்பது என்ன? சாதாரண சைக்கிளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் பருமன். பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 30 மி.மீ. அகலம் இருக்கும். இதில் 38 முதல் 50 வரை போடலாம். டிஸ்க் பிரேக் இருக்கும். உட்காரும் வாகு சற்று நிமிர்ந்திருக்கும். தார்ச்சாலையிலும் திணறாது, செம்மண்ணிலும் சறுக்காது. மலைச் சைக்கிள் போல முன்பக்கம் அதிர்வைத் தாங்கும் கம்பிச்சுருள் பெரும்பாலும் இருக்காது. அந்த வேலையை டயருக்குள் இருக்கும் காற்றும் உங்கள் முழங்கையும் செய்யவேண்டும்.

அதை வாங்கித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம். வீட்டில் பழைய மலைச் சைக்கிள் இருந்தால் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டையைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இந்தக் கட்டுரையில் வரும் பாதைகள் எல்லாவற்றுக்கும் அது போதும். நான்கைந்து மாதம் ஓட்டிய பிறகும் ஆசை தீரவில்லை என்றால் வாங்குங்கள். வாங்கிய வேகத்திலேயே விற்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். பாதி நேரம் பால்கனியில் நின்ற சைக்கிள்கள் நல்ல விலைக்குக் கிடைக்கும்.

முதல் சவாரிக்கு எங்கே போவது?

தயங்காமல் பழைய ரயில்பாதை. ரயில் காரிடார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை, தீவின் வடக்கையும் தெற்கையும் இணைத்து 24 கி.மீ. நீளம். மலாயன் ரயில்வேயின் கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிப்போனார். மறுநாள் நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். இன்றைக்கு அதைத் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது.

புதியவர்கள் கிராஞ்சிப் பக்கம் தொடங்கித் தெற்கே வருவது நல்லது. அலுத்துவிட்டால் வழியில் எங்கே வேண்டுமானாலும் வெளியேறலாம். தரை ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் செப்பனிட்ட தடம், சில இடங்களில் புல்லும் சரளையும் கலந்த கெட்டித் தரை, ஓரத்தில் மிதிபட்டு மிதிபட்டு உண்டான ஒற்றையடிப் பாதை. டயர் எழுப்பும் ஒலியை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம். கண்ணை மூட வேண்டாம், எதிரே ஓட்டப்பயிற்சிக்காரர்கள் வருவார்கள்.

ரயில் மால் கடை வரிசைக்கு அருகே அப்பர் புக்கிட் தீமா ரோட்டின் மேல் ஓர் இரும்புப் பாலம், இன்னும் தெற்கே புக்கிட் தீமா ரோட்டையும் டன்யர்ன் ரோட்டையும் தாண்டும் இன்னொன்று. இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில்தான் புக்கிட் தீமா ரயில் நிலையம். 1932இல் பாதையை மாற்றிப் போட்டபோது வந்த சிறிய கட்டடம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் மோதாமலிருக்க, ஓட்டுநரிடம் ஓர் அடையாள வில்லையைக் கைமாற்றுவார்கள். அந்த வில்லை கையில் இருக்கும் ரயில்தான் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். வளையத்தில் மாட்டி, ஓடும் ரயிலுக்கு நீட்டிக் கைமாற்றும் இந்தப் பழக்கம் இங்கே 2011 வரை நடந்தது. எதிரே கூட்டமாக ஆட்கள் வரும் குறுகலான இடங்களில், நமக்கும் அப்படி ஒரு வில்லை இருந்தால் தேவலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழர்களுக்கு இந்தத் தடத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் குவீன்ஸ்வே பக்கம் வைத்து வணங்கிய முனியாண்டிதான் இன்றைக்குக் காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன். அதன் தொடக்கமும் 1932தான். பாதையிலிருந்து சற்றே விலகினால் போய்விடலாம். சேறு படிந்த காலுடன் போகாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

தெற்கே ஸ்பூனர் ரோட்டுப் பக்கம் இறங்கிக்கொள்வது வசதி. நின்று நிதானமாக வந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

சமதளமாகவே இருக்கிறதே, மேடு எங்கே?

ரயிலுக்காகப் போட்ட பாதை சமதளமாகத்தான் இருக்கும், இரும்புச் சக்கரம் செங்குத்தில் ஏறாது. மேடு வேண்டுமென்றால் டெய்ரி ஃபார்ம் பக்கம் திரும்பி புக்கிட் தீமா மலைச் சைக்கிள் தடத்தில் ஏறுங்கள். சுமார் 6 கி.மீ. வேரும் பாறையும் நிறைந்தது. கிராவல் பைக்கில் முடியும், ஆனால் இன்பமாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடங்கள் இருப்பதால் மனநிம்மதி அதிகம். இரண்டிலும் அடையாளமிட்ட சைக்கிள் தடத்தைவிட்டு விலகக்கூடாது. சுற்றியிருப்பது இயற்கை வனப்பகுதி, அபராதம் உண்டு.

ஆற்றோரமாக ஓட்ட ஆசை. சரளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்படியானால் காலாங் ஆற்றைக் கூடவே பிடித்துக்கொண்டு போங்கள். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி காலாங் வடிநிலத்தில் முடியும். பூங்கா இணைப்புப் பாதை பெரும்பாலும் ஒட்டியே வரும். இதில் பார்க்க வேண்டிய இடம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. ஒரு காலத்தில் 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாய் அது. அதை உடைத்து, வளைந்து நெளியும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். வளைவுகளால் நீளமும் கூடிவிட்டது. பெருமழை பெய்தால் நீர் புல்வெளிக்குள் ஏறும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே எச்சரிக்கை ஒலி கேட்டால் கரையிலிருந்து மேலே வந்துவிடுங்கள்.

மண்ணும் வேண்டும் தண்ணீரும் வேண்டும் என்றால் வடகிழக்கு. பொங்கோல் நீர்வழியிலிருந்து கோனி தீவுக்குள் நுழைந்து மறுபுறம் வெளியே வந்து, லோரோங் ஹாலூஸ் வழியாகப் பாசிர் ரிஸ் பக்கம் போகலாம். கோனி தீவுக்குள் மரநிழலில் மணலும் சரளையுமான பாதை. காலை 7 மணிக்குத்தான் கதவு திறக்கும், மாலை 7 மணிக்கு மூடிவிடும். 1930களில் புலித் தைலம் புகழ் ஹாவ் பார் சகோதரர்களுக்குச் சொந்தமாயிருந்த தீவு. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒற்றைக் காளை ஒன்று வெகுகாலம் இங்கே திரிந்துகொண்டிருந்தது. 2016இல் இறந்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அதன் நினைவு வரும்.

கிராஞ்சி, லிம் சூ காங் எப்படி?

நாட்டுப்புறம் என்ற சொல்லுக்கு இங்கே மிக அருகில் வருவது அதுதான். நியோ தியூ ரோட்டில் ஏற்றமும் இறக்கமும் மெல்ல மாறி மாறி வரும். இருபுறமும் பண்ணை, தவளை ஒலி, கோழி எரு நாற்றம். கிட்டத்தட்ட முழுவதும் தார்ச்சாலைதான், மண் என்பது ஓரங்களில் மட்டும். மறைந்திருக்கும் ஆபத்து லாரி. பொழுது விடியும்போது சிமெண்ட் லாரிகளும் இராணுவ வண்டிகளும் உங்களைத் தொட்டுக்கொண்டு போவது போலிருக்கும். ஞாயிறு காலை மட்டுமே போவது என்று நான் வைத்திருக்கிறேன்.

லிம் சூ காங் ரோடு ஏன் இத்தனை நேராக இருக்கிறது என்று வியப்பவர்களுக்கு: அவசரகாலத்தில் போர்விமானங்கள் ஏறி இறங்கும் ஓடுபாதையாக மாறும்படி போட்ட சாலை அது. பயிற்சி நாட்களில் விளக்குக் கம்பங்களையே கழற்றியிருக்கிறார்கள். எதிர்காற்று வீசும்போது, விமானத்துக்கு ஏற்ற இடம் சைக்கிளுக்கு எவ்வளவு பொருத்தமற்றது என்பது தொடையில் தெரியும்.

அங்கே பிரிந்து போகும் மண்பாதைகள் கண்ணுக்கு இனிமையாகத்தான் இருக்கும். முகப்பில் நுழையக்கூடாது என்று நான்கு மொழிகளில் எழுதிய சிவப்புப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். தமிழிலும் எழுதியிருக்கிறார்கள், புரியவில்லை என்று சொல்ல முடியாது. சுங்கை பூலோ ஈரநிலத்துக்குள் சைக்கிளை ஓட்டிப் போக முடியாது. வாசலில் பூட்டிவிட்டு நடந்து போய் முதலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புலாவ் உபின் தீவுக்கு என் சைக்கிளையே கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். சாங்கி முனைப் படகுத்துறையில் பம்போட் எனும் சிறு விசைப்படகு, பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும். சைக்கிளுக்குத் தனியாகச் சிறு கட்டணம் வாங்குவார்கள். பத்து நிமிடப் பயணம். படகிலிருந்து துறையில் ஏறும்போது சைக்கிளின் கியர் பக்கம் மேலே இருக்கும்படி தூக்குங்கள். ஒருமுறை நான் மாற்றித் தூக்கி, படகின் விளிம்பில் இடித்து, கியர் கொக்கி வளைந்துவிட்டது. அன்று முழுவதும் ஒரே கியரில் தீவைச் சுற்றினேன்.

நான் இங்கே ஒருவருக்கு ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது என்றால் உபினைத்தான் சொல்வேன். உண்மையான சரளை, உண்மையான ஏற்ற இறக்கம், வண்டிகள் மிகக் குறைவு. மேற்கே கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா ஒரு பழைய கல்குவாரியைச் சுற்றி ஓடுகிறது. குவாரியில் இன்று பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. இந்தத் தீவின் கருங்கல்லில்தான் 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தின் கற்களிலும் ஒரு பகுதி இங்கிருந்து போனதுதான். கிழக்கே செக் ஜாவா ஈரநிலத்துக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். இறக்கங்களில் வாடகைச் சைக்கிள்காரர்களிடம் கவனம். பிரேக் எந்தக் கையில் என்று தெரியாமலே வருவார்கள்.

எம்ஆர்டி ரயிலில் ஏற்றலாமா?

மடக்கும் சைக்கிள் மட்டும், அதுவும் மடக்கிய நிலையில். கிராவல் பைக் மடங்காது. வீட்டிலிருந்தே ஓட்டிப் போங்கள், அல்லது நண்பரின் வேனைக் கேளுங்கள்.

சட்டப்படி எதையெல்லாம் கவனிக்கவேண்டும்?

சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்பிலும் மணிக்கு 25 கி.மீ., நடைபாதையில் 10. சாலையில் தலைக்கவசம் கட்டாயம். இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பும். 2022இலிருந்து சாலையில் குழுவாகப் போனால் ஐந்து வரிசைக்கு மேல் கூடாது, இரண்டிரண்டாகப் போனால் பத்துப் பேர். ஒரே தடம் உள்ள சாலையிலும், பஸ் தடம் நடைமுறையில் இருக்கும் நேரத்திலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும்.

சட்டத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ரயில் காரிடாரில் 25 என்பதே அதிகம். காலையில் அங்கே நடப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மணியை அவர்கள் காதருகே அடித்தால் துள்ளி நம் பக்கமே குதிப்பார்கள். பத்து மீட்டர் முன்பே மெதுவாகி, "காலை வணக்கம் அங்கிள்" என்று சொல்லிப் பாருங்கள், வழி தானாகத் திறக்கும்.

மழை?

ஆண்டில் பாதி நாள் எங்காவது பெய்யும் ஊர் இது. சராசரியாக ஆண்டுக்கு 170 மழை நாள், 2,100 மி.மீ.க்கு மேல். மழைக்குப் பயந்தால் ஓட்டவே முடியாது. பயப்படவேண்டியது இடிக்கு. அதிலும் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று, நாம் கிளம்பும் விடியற்காலையைப் பார்த்துத்தான் வரும். மேற்கு வானில் கருப்பாக ஒரு கோடு திரண்டால் அடுத்த அரைமணிக்குள் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள். மேம்பாலத்தின் அடியோ, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளமோ தேடுங்கள். மழை நின்ற மறுநாள் ரயில்பாதையின் புல் பகுதிக்குப் போகாமலிருப்பது தரைக்கும் நல்லது, சங்கிலிக்கும் நல்லது.

டயரில் எவ்வளவு காற்று?

கடையில் அடித்துக் கொடுப்பதைவிடக் குறைவாக. 70 கிலோ எடை, 40 மி.மீ. டியூப் இல்லாத டயர் என்றால் காற்றழுத்தம் 30 முதல் 35 பிஎஸ்ஐ. கட்டை விரலால் அழுத்தினால் பழுத்த மாங்காயைப் போலக் கொஞ்சம் அமுங்கவேண்டும். டியூப் உள்ளவர்கள் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல் இடித்துப் பாம்பு கடித்தது போல இரண்டு துளை விழும். டயருக்குள் ஊற்றும் ஓட்டையடைக்கும் திரவம் நம் வெயிலில் விரைவில் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள்.

குரங்கு, நாய், காட்டுப்பன்றி?

குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. கைப்பிடியில் பையைத் தொங்கவிடாதீர்கள். வனவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். கிராஞ்சி நாய்கள் கூட்டமாகத் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் ஆர்வம் குறைந்துவிடும். பன்றி தன் வழியில் போகும், குட்டிக்கும் தாய்க்கும் நடுவே மட்டும் போய்விடாதீர்கள்.

ஜொகூரில் என்ன கிடைக்கும்? எப்படிப் போவது?

இங்கே கிடைக்காத நீளம். ஜொகூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோத்தா திங்கியைச் சுற்றி, எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் மேடும் பள்ளமுமாக அலைபோலப் போய்க்கொண்டே இருக்கும். நாம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. அறுவடை லாரிகளுக்காக வெட்டிய செம்மண் சாலைகள் எல்லாத் திசையிலும் பிரியும்.

போவதற்கு இரண்டு வழி. உட்லண்ட்ஸில் மோட்டார் சைக்கிள் தடத்தின் வழியே கடற்பாலத்தைக் கடக்கலாம். ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களின் புகையில் நிற்கத் தயாராக இருக்கவேண்டும். எனக்குப் பிடித்தது மற்றது: சாங்கி முனையிலிருந்து பெங்கெராங் பக்கம் போகும் படகு. கடவுச்சீட்டுச் சோதனையை முடித்து, படகின் மூக்கில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தால், மறுகரையில் நேரே நாட்டுச்சாலை. கோத்தா திங்கி வரை போக நினைப்பவர்கள் காரில் சைக்கிளை ஏற்றிப் போவதுதான் வசதி.

தோட்டத்துக்குள் மூன்று சங்கடம். ஒன்று, எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கும். மரங்களை அளந்து நட்டதால் இடம் வலம் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், உள்ளே சிக்னல் இருக்காது. இரண்டு, அது தனியார் நிலம். வாயிற்காவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஒருமுறை ஒரு வாயிலில் மலாயில் திக்கித் திக்கிக் கேட்டேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, தமிழா? போங்க, ஆனா ஆத்துப் பக்கம் போகாதீங்க, ஆனை நிக்குது" என்றார். அந்த வட்டாரத் தோட்டங்களில் காட்டுயானை வருவது உண்மை. நாங்கள் திரும்பிவிட்டோம். திரும்பும் வழியில் வேப்பமரத்தடியில் சின்ன மாரியம்மன் கோயில், சுவரில் புதிதாக மஞ்சள் பூச்சு. ரப்பர் காலத்தில் வந்தவர்கள் வைத்தது என்றார் அங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மா.

மூன்றாவது சங்கடம் செம்மண்தான். காய்ந்திருந்தால் தார்ச்சாலையைவிட இனிமை. ஒரு மழை போதும், களியாகி டயரில் ஒட்டும். அதன்மேல் பனங்காய்ச் சிம்பும் இலையும் ஒட்டும். பத்துச் சுற்றில் சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் கவட்டைக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சைக்கிள் அப்படியே நின்றுவிடும். உருட்டவும் முடியாது, தூக்கவும் எடை இரண்டு மடங்கு. பனை மட்டைத் துண்டு ஒன்றை எடுத்துச் சுரண்டிக்கொண்டே ஒரு கிலோமீட்டரை ஒரு மணி நேரம் நடந்திருக்கிறேன். டயருக்கும் கவட்டைக்கும் விரல் நுழையும் இடைவெளி இல்லாத சைக்கிளை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் அந்தச் சேற்றை எங்கே கழுவுவது?

நடைவழியில் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். செம்மண் நீர் அடுத்த வீட்டு வாசலில் போய்த்தான் நிற்கும். எங்கள் பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி, நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், ஒருமுறை அதில் செருப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. சேறு காயட்டும், பழைய பல் துலக்கியால் தட்டி உதிர்த்துச் செய்தித்தாளில் அள்ளுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். சங்கிலியை உலரத் துடைத்து, அன்றைக்கே எண்ணெய் போடுங்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் மறுநாள் காலைக்குள் துரு தலைகாட்டிவிடும். கைப்பிடிக்கு அடியில் இருக்கும் திருகுகளையும் துடையுங்கள், வியர்வை சொட்டி உப்பு படியும் இடம் அதுதான். செய்தித்தாளை மூட்டை கட்டிக் குப்பைக்குழாயில் போட்டுவிட்டு, மக்சிக்குக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஞாயிறும் அதே வாசலைத்தான் தாண்டிப் போகவேண்டும்.